தே தாரிக் கலக்குபவர் கொட்டிய பால்

கிள்ளானிலிருந்து வந்த சாயங்கால கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ராத்திரி வேலை, இளையவர் தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக் கலக்குகிறார், மற்றவர் ரொட்டி போடுகிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“பொண்டாட்டி பால முழுக்க சிங்குல ஊத்திட்டேண்ணே,” என்றார் இளையவர்.

“என்னடா சொல்ற?”

“ஃபேக்டரி ஸ்டோர்ல உக்காந்து பம்ப் பண்ணி, ஐஸ் போட்டுக் கொண்டாருவா. ஃப்ரிட்ஜ்ல வச்சா, காலையில மேல மஞ்சளா ஆடை, கீழ தண்ணியா நிக்கும். நம்ம கடையில பால் பிரிஞ்சா என்ன பண்ணுவோம்?”

“கொட்டிருவோம்.”

“அதான் தெனமும் கொட்டிட்டேன். கெட்டுப்போச்சுன்னா அழுவாளேன்னு, அவளுக்குத் தெரியாம புள்ளைக்குப் பவுடர் பால் குடுத்தேன். இன்னிக்குக் காலையிலயும் கொட்டிட்டு, புள்ளைக்கு ஊசி போடப் போனப்பதான் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. தாய்ப்பால் அப்படித்தான் பிரிஞ்சு நிக்குமாம், கெட்டது இல்லையாம். போத்தல லேசா ஆட்டுனா கலந்துருமாம்.”

“ராத்திரி பூரா பாலக் கலக்குறவன்டா நீ.”

இளையவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவகிட்ட சொல்லிட்டியா?”

“எப்படிண்ணே சொல்றது? இப்ப வேல முடிஞ்சு வந்ததும் காலிப் போத்தலப் பாத்துட்டு, ‘எல்லாத்தையும் குடிச்சிட்டானா?’ன்னு சிரிச்சா. ஆமான்னேன். பத்தலபோல இருக்கு, நாளையிலேர்ந்து சாப்பாட்டு நேரத்துலயும் பம்ப் பண்றேங்கறா.”