அக்காவின் வலது கை

— உறையை அவ்வளவு இறுக்காதேடா, வலிக்குது.

— வலிக்குதா? செத்த கைன்னுதானே சொல்றே?

— சும்மா பழக்கத்துல வந்துடுச்சு. அது கிடக்கட்டும், வெளியே ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருக்காளே, யாரு அவ?

— உனக்கு அடுத்து அவதான்கா. நீ மேடையில டம்ளரைத் தூக்கிக் காட்டினதும் நான் செஞ்ச இந்த உறையைக் கழட்டி அவ கையில மாட்டப்போறேன், சரியா? பொறந்ததுலேருந்து அசையாத கை.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— இதுல சொல்ல என்ன இருக்கு? உறைக்குள்ள இருக்கற இழை பேட்டரியில சூடானா சுருங்கும், ஆறினா நீளும். நிஜத் தசை மாதிரியேதான். உன் கையைத் தூக்கினது அவ கையைத் தூக்காதா?

— தூக்காது.

— பயப்படாதேக்கா, நான்...

— தூக்காதுடா! அவளுக்கு மாட்டாதே. இதைக் கழட்டு முதல்ல. கழட்டுன்னு சொல்றேன்ல? ம்... இப்ப பாரு.

— அக்கா, டம்ளரைக் கீழ வை. யாராவது வந்துடப் போறாங்க.

— வெறுங்கை, பார்த்தியா? விபத்துல போன கை திரும்பி வந்து மாசக்கணக்காச்சு.

— ஏன் சொல்லல?

— எப்படிச் சொல்வேன்? முதல் தடவை கை எழும்பினப்ப நானும் உன் இழைதான்னு நம்பினேன். நீ ஓன்னு அழுதே. மறுநாள் குளிக்கறப்ப உறை இல்லாமலே சோப்பை எடுத்துட்டேன். சொல்லலாம்னு ஓடி வந்தா, ஹால் முழுக்க ஆளுங்க, கேமரா. திரும்பிப் போய் உறையை மாட்டிக்கிட்டேன்.

— அம்மா இன்னும் உனக்கு ஊட்டி விடறாங்க.

— வாயைத் திறந்து வாங்கிக்கறேன், வேற என்ன பண்ண? தாழ்ப்பாள் போட்டுட்டு இந்தக் கையால தலை சீவிக்குவேன். அப்புறம் கலைச்சுவிட்டு அம்மாகிட்ட சீப்பை நீட்டுவேன். சொந்தக் கையையே ஒளிச்சு வெச்சு வாழறேன்டா... திட்டவாவது திட்டேன்.

— எனக்குத் தெரியும்கா.

— என்னது?

— ஒரு நாள் மேடையில பேட்டரி செத்துப் போச்சு. நீ கவனிக்கல. டம்ளரை இறக்கவே இல்ல.

— தெரிஞ்சுக்கிட்டேவா என்னை ஊர் ஊரா இழுத்துட்டுப் போனே?

— அதுக்குள்ள கம்பெனி, வேலைக்கு ஆளு, பேரு எல்லாம் வந்துடுச்சே. மேசை மேல இழை செங்கல்லைத் தூக்குது, மனுஷக் கையைத் தூக்க மாட்டேங்குதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல? எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வரலக்கா.

— அப்போ அந்தப் பொண்ணு? வெளியே அவ அம்மா என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்கடா. தெரிஞ்சும் அவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?

— அவ கை எழும்பாது. அத்தனை பேரும் பார்க்க, எழும்பாது. நான் வாயைத் திறக்காமலே எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அப்பதான் என்னை விடுவாங்க. அதுக்குத்தான்கா கூட்டிட்டு வந்தேன்.