கியோட்டோவில நாலு இரவு

இல்லைப் பிள்ளை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில இருக்கிற ஹோட்டல் எனக்கு வேண்டாம். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டும். கட்டில் விரிப்பின்ர மூலையைப் பாத்தீரே? மடிக்கேல்லை, சும்மா அடியில திணிச்சு விட்டிருக்கு. துப்பரவாக்க வாற ஒராளுக்கு ஒரு நாளைக்கு இருபது அறை குடுக்கிற இடம் அது. ஓடி ஓடிச் செய்திருக்கிறாள், பாவம். எனக்கு எப்பிடித் தெரியுமோ? இஞ்ச மொன்றியல் டவுன்டவுன்ல ஒரு ஹோட்டல்ல இருபத்திரண்டு வருசமா அறை துப்பரவாக்கிறன். மற்ற ஆக்கள் கியோட்டோப் படத்தில கோயிலும் பூவும் பாப்பினம். நான் குளியலறை மூலையில ஊத்தை இருக்கோ எண்டு பாப்பன்.

புக்கிங்குக்குப் பேரோ? பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே போடும். றோஸ்மேரி அருமைநாதன். ஒராள்தான். என்ர மனிசன் கண்ணை மூடி எட்டு வருசம்.

அடுத்ததைக் காட்டும். கியோன் பக்கமோ? பழைய மரவீடுகள், கல்லுப் பதிச்ச ஒழுங்கை, வடிவாத்தான் இருக்கு. ஆனா கீழ என்ன எழுதியிருக்கு பாரும். மாடிப்படி செங்குத்தாம், லிஃப்ட் இல்லையாம். என்ர முழங்கால் ரெண்டையும் அந்தக் குளியலறையள் எப்பவோ திண்டு முடிச்சிட்டுது. என்னால ஏலாது.

இதென்ன, ரியோகானோ? பழைய ஜப்பான் விடுதியோ? கட்டிலே இல்லையோ? ஓ, சாப்பிட்டு முடிய ஒரு பொம்பிளை வந்து, முழங்கால்ல இருந்து, நிலத்தில மெத்தையை விரிச்சு விடுவாவோ? விடும் பிள்ளை. நான் சுவரோட ஒட்டிக்கொண்டு அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? அவவை எழுப்பிப்போட்டு நானே விரிச்சுப் போடுவன். அதுக்கு நான் மொன்றியல்லயே இருக்கலாம், சம்பளமாவது வரும்.

சிரியாதையும். உண்மையைச் சொல்லுறன், இத்தனை வருசம் மற்றவன்ர கட்டிலை விரிச்ச நான் ஒரு நாளும் ஹோட்டல்ல படுத்ததில்லை. எங்கட சனத்தில ஆர் படுக்கிறது? ரொறன்ரோவுக்குப் போனால் மச்சாள் வீடு. பாரிசில தம்பி வீடு, ரெண்டு அறையில பதினொரு பேர், நான் குசினி வாசல்ல படுத்தனான். ஒஸ்லோவில அவற்ர ஒண்டைவிட்ட தங்கச்சி, முன்னப்பின்ன முகம் தெரியாது, எயர்போட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவ. எங்கட ஆக்கள் இருக்கிற ஊரில ஹோட்டல்ல நிண்டால் அந்த வீட்டுக்காரற்ர முகத்தில அடிச்ச மாதிரி. பேந்து செத்த வீட்டில கண்டாலும் கதைக்கமாட்டினம்.

கியோட்டோவிலயோ? ஓம், ஆள் இருக்கு.

என்ர மகள். அனோஜினி. எனக்கு ஒரே பிள்ளை. அங்க யூனிவேர்சிற்றியில படிப்பிக்கிறாள். மனிசன் ஜப்பான்காரன்.

நீர் என்னை அப்பிடிப் பாக்கிறது சரிதான். பெத்த மகள் இருக்கிற ஊரில தாய் ஹோட்டல் தேடுறாள். இன்னும் கேளும். அவளுக்குக் குழந்தை பிறந்து ஆறு கிழமை. என்ர முதல் பேத்தி. பிள்ளைப்பெத்தவளுக்குத் தாய்தானே பக்கத்தில நிண்டு பத்தியக் கறி வைச்சுக் குடுக்கிறது? மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து இடிச்சுப் போத்தல்ல அடைச்சு வைச்சிருக்கிறன். அவள் கேக்கேல்லை. வயித்தில இருக்கெண்டே சொல்லேல்லை. குழந்தையின்ர படம்தான் வந்தது. அடுத்த நாள் இந்த லிஸ்ட் வந்தது.

பின்னை, நான் தேடி எடுத்தனான் எண்டே நினைச்சீர்? அவள் அனுப்பினவள். ஆறு ஹோட்டல். எது பஸ்ஸுக்குக் கிட்ட, எது ஆத்தங்கரையில, எந்தக் கோயில் தோட்டத்துக்குக் காலமை போனால் சனம் குறைவு, எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாள். கடைசியில, அம்மா நாலு நாள் வந்து ஊரைச் சுத்திப் பாருங்கோ, ஒரு பின்னேரம் நாங்கள் குழந்தையோட வந்து உங்களைச் சந்திக்கிறம் எண்டு. சந்திக்கிறமாம்! நான் என்ன அவளுக்கு டொக்டரோ, நேரம் வைச்சுச் சந்திக்க? வீட்டில இடமில்லையோ எண்டு போன்ல கேட்டன். இடமிருக்கு அம்மா எண்டாள். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வேண்டாம், நீர் அவளைப் பேசாதையும். நான் பேசலாம், நீர் பேசப்படாது.

அவளுக்கு இதைப் பழக்கினதே நான்தான். நாலு வருசத்துக்கு முதல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள், எனக்குக் காட்ட. அப்ப ரெண்டு பேரும் கலியாணம் முடிக்கேல்லை. சேர்ச்சில முடிக்காத சோடியை என்ர வீட்டில படுக்க விட்டால் பங்குச் சனம் என்ன கதைக்கும்? சிசிலியக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியிறதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லிப்போடுவா. நான் என்ன செய்தன் தெரியுமே? நான் வேலை செய்யிற ஹோட்டல்லயே அறை போட்டுக் குடுத்தன், வேலையாக்களுக்கு விலை குறைவு எண்டு. பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சன். தேத்தண்ணி குடுத்து, டாக்சி கூப்பிட்டு, பெட்டியோட அனுப்பி விட்டன். அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவன்தான் குனிஞ்சு குனிஞ்சு நன்றி சொன்னான்.

விடிய எனக்கு அந்த மாடியிலதான் வேலை. போய்க் கதவைத் திறந்தால் ஆக்கள் இல்லை. ரெண்டு நாளைக்குப் போட்ட அறை, ஒரு இரவோட வெளிக்கிட்டிட்டினம். கட்டில் விரிச்சிருந்தது. நாலு மூலையும் நான் அவளுக்குச் சின்னனில பழக்கின மாதிரியே மடிச்சு. துவாயும் மடிச்சு. எனக்கு ஒரு வேலையும் வைக்கேல்லை. தலகணியில அவளின்ர கையெழுத்தில ஒரு சின்னக் கடுதாசித் துண்டு. வாற போற வெள்ளையள் எங்களுக்கு எழுதி வைப்பினமே, அதே மாதிரி. மெர்சி, மதாம் எண்டு. நன்றி, அம்மணி.

சரி, அந்த ஆத்தங்கரை ஹோட்டலையே போடும். நாலு இரவு, ஒராள். சின்னக் கட்டில் காணும்.