ஹேமலதாவின் கைராசி

கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் உள்ளே எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற மெக்கானிக்குகள் புளோயரை வைத்து ஒரே ஊதாக ஊதித் தள்ளிவிடுவார்கள். நான் சமணன், எனக்கு மனசு வராது. பிரஷ்ஷால் மெல்ல ஒதுக்கி, காகிதத்தில் ஏந்தி, வாசலில் விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவேன். பத்மகுமார் நயினார் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அருணகிரி பட்டுச்சேலை வியாபாரி. பார்டர், முந்தானை டிசைன் போட அவர் கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. போடுகிறவள் ஹேமலதா. புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்தவள், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு விற்றது நான்தான். எங்கோ கழற்றிய பழசு. துடைத்துப் புது டப்பாவில் போட்டேன். புதுசு என்று நம்பி வாங்கினால் வாங்குகிறவருக்கும் ஒரு திருப்தி.

கொஞ்ச நாளிலேயே திரையில் கோடு கோடாக வந்து அணைய ஆரம்பித்தது. போனேன். ரேம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பவர் சப்ளையை மாற்றினேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடையில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் வேறு கார்டு போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வரை டிசைனைத் திறந்து வைத்தும் தடங்கலே இல்லாமல் ஓடியது. கோளாறு நான் விற்ற கார்டில்தான். தெரிந்துகொண்டு, அதையே திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். கார்டு புத்தம் புதுசு, அதில் குறையே இருக்காது என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன். மனுஷனுக்குச் சொன்ன சொல் முக்கியமில்லையா?

அருணகிரிதான் எனக்கு வழி காட்டினார்.

"நயினாரே, நான் குந்திகினு கணக்குப் போட்டா ஒண்ணும் ஆவல. அந்தப் பொண்ணு தொட்டா மட்டும் பொட்டுனு பூடுது. பேஜாரா கீது. கைராசியா இருக்குமோ?"

கணக்குப் போடும்போது அந்தக் கார்டுக்குப் பெரிய வேலையே இல்லை. டிசைனைத் திறந்தால்தான் சூடேறிப் படுத்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ராசியாவது மண்ணாங்கட்டியாவது, எனக்கு அதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பெரிய மனுஷர் கேட்கிறார்.

"எலெக்ட்ரானிக்ஸ்ல அப்படியும் உண்டுங்க" என்றேன்.

ஹேமலதாவை நிறுத்திவிட்டார்கள். அவள் இடத்துக்கு விக்னேஷ் வந்தான். அவன் சேர்ந்த அன்று, தூசி தட்டுகிற சாக்கில் நல்ல கார்டை மாட்டிவிட்டு வந்தேன், காசுகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தறியில் புதுப் பாவு ஏற்றுகிற நாளில் நெசவாளர் தெருப் பக்கம் வரவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினார்கள். மரியாதையாகத்தான்.

அவள் காதுத் தோட்டை விற்று என்னிடமே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். வீட்டிலேயே டிசைன் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். யோசித்தேன். அவள் வீட்டில் அது ஒழுங்காக ஓடினால் அருணகிரி யோசிப்பார். அவர் யோசித்தால் நேரே என் கடைக்கு வருவார். அருணகிரி கடையில் கழற்றிய கார்டும் சும்மாதான் கிடந்தது. பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அந்த மாதமே ஆட்டோவில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். குழந்தையும் கூட வந்திருந்தது.

"மிஷின் மேல தப்பு இல்ல சார். என் கைதான். என் வூட்டுக்காரரும் என் ராசியாலதான் பூட்டாருன்னு மாமியா சொல்லும்போது நான் நம்பல. இப்ப நம்புறேங்க."

பாவமாகத்தான் இருந்தது. இருவருக்கும் வடிகட்டிய தண்ணீர் கொடுத்தேன். உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அவ்வளவு திடமாக நம்புகிறாள். ஒருவருடைய நம்பிக்கையைப் புண்படுத்துவதும் ஹிம்சைதான். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யமாட்டேன்.