காகிதத்தில் சுற்றிக் கொடுத்த மாத்திரை

என் பெயர் மரிய அருண். வயது 26. தகப்பனார் பெயர் பாக்கியசாமி. திண்டிவனம் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். பி.பார்ம். படித்துவிட்டு, செஞ்சி ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் மூன்று வருடமாக மருந்தாளுநராக வேலை செய்கிறேன்.

இறந்துபோன பவுலின், வயது 38, எங்கள் வீட்டுக்கு எட்டு வீடு தள்ளி இருந்தவர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். ஆண்களின் மாத்திரையைத் தன் மனைவிக்கு எழுதிக் கொடுத்துக் கொன்றுவிட்டதாகப் பாண்டிச்சேரி டாக்டர் மீது அவர் கணவர் பிரான்சிஸ் புகார் கொடுத்திருக்கிறார். அதன்பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

2011 நவம்பரில் பவுலின் மருந்துச் சீட்டோடு கடைக்கு வந்தார். நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. சீட்டில் இருந்தது ஆண்மைக் குறைவுக்கு நாங்கள் விற்கிற மருந்துதான். அதே மருந்து நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும். முதலில் இதயத்துக்கென்று சோதிக்கப்பட்ட மருந்து அது. கல்லூரியில் படித்தேன். பரீட்சையிலும் எழுதினேன். சீட்டில் தவறு இல்லை.

எங்கள் கடையில் அந்த மாத்திரைக்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் கூட்டம் குறையும்வரை நிற்பார். பெயர் சொல்லமாட்டார். நாங்களும் சொல்லாமல் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுப்போம். பவுலினுக்கும் அப்படியே கொடுத்தேன். அவருடைய மற்ற மாத்திரைகளைக் கவரில் போட்டேன்.

“இதுக்கு மட்டும் ஏன் தம்பி பேப்பரு?”

“சும்மாதான்க்கா. மூச்சுக்குத்தான் இது.”

அதன் பிறகு ஜனவரியில் அவர் குழாயடியிலிருந்து குடத்தோடு வருவதைப் பார்த்தேன். “உன் மாத்திரைய போட்டுக்கினு குடம் தூக்கறேன் பாரு தம்பி, கோயில்ல பாடவும் போறேன்” என்றார்.

2012 பிப்ரவரி 20, திங்கட்கிழமை, மறுபடி வாங்க வந்தார். எங்கள் தெருவில் லாரிக்கு மூட்டை ஏற்றும் மண்ணாங்கட்டி என்பவர் அப்போது கடையில் நின்றிருந்தார். நான் செய்தித்தாளை எடுத்ததைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, பிரான்சிஸு இதெல்லாம் போட ஆரம்பிச்சிட்டானா?” என்றார். எது என்று பவுலின் கேட்டார். மண்ணாங்கட்டி சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். பவுலின் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து ரப்பர் பேண்டு தேடினேன்.

அதன் பிறகு புதன்கிழமை, தவக்காலம் தொடங்குகிற நாள், கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு வந்து பொட்டலத்தைத் திருப்பி வைத்தார்.

“தவக்காலம் முடியட்டும் தம்பி. கறி மீனே தொடல. இத முழுங்கிக்கினு சிலுவைப்பாதைக்கு எப்பிடிப் போறது?”

“நிறுத்தாதீங்கக்கா.”

“ஏன்?”

கடையில் ஆள் இருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்றேன். எட்டு வீடுதான். சொல்லவில்லை.

அதன் பிறகு தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் அவரைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டில் அவர் குரல் இல்லை. செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. தவக்கால ஒறுத்தலுக்காக வெறுங்காலில் நடக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றும் பேசவில்லை.

மார்ச் 30, வெள்ளி. சிலுவைப்பாதையின் ஏழாம் தலம், இயேசு இரண்டாம் முறை விழுவது. எல்லோரும் முழங்கால் போட்டு எழுந்தோம். பவுலின் எழவில்லை. நானும் பிரான்சிஸும் ஆட்டோவில் ஏற்றினோம். உதடு நீலமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது பிரான்சிஸ் கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்தது. பவுலின் என் பக்கம் பார்த்து, “ஈஸ்டருக்கு இன்னும் ஒம்போது நாளுதானே தம்பி” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இறந்துவிட்டார்.

அதன் பிறகு பிரான்சிஸ் மருந்துச் சீட்டை யாரிடமோ காட்டியிருக்கிறார். ஆண்கள் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த மருந்தால் பவுலின் சாகவில்லை. அதைச் சாப்பிடாததால் செத்தார். சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் திருப்பிக் கொடுத்த பொட்டலத்தை அப்படியே ஒப்படைக்கிறேன். செய்தித்தாளைப் பிரித்திருக்கவில்லை.

பெண் பெயர் போட்ட சீட்டுக்கு ஏன் காகிதத்தில் சுற்றினாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பழக்கம் என்று சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான். ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். எல்லா இடத்திலும் ‘மருந்து’, ‘மாத்திரை’ என்றே சொல்லியிருக்கிறேன். பெயரைச் சேர்க்கச் சொன்னேன். எழுதுகிற ஏட்டு அறையைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன்.

சில்டெனாஃபில்.

(ஒப்பம்) மரிய அருண்
3.4.2012