கோட்டுப் பையில் ஒரு குழாய்

ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடி இறங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்டை நான் நம்புவதில்லை, டாக்டர். உடம்பைவிட்டு வந்த பிறகும் ரத்தம் சும்மா இருக்காது. குளிர்ச்சி இல்லாவிட்டால் அதன் அணுக்களே அமினோ அமிலங்களைத் தின்றுகொண்டிருக்கும். இருபது வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் கெடுத்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பெட்டியில் இருந்தது ஒரு லாரி டிரைவரின் ரத்தம். பெருங்குடலில் புற்றுநோய். அந்த அமினோ அமிலச் சத்து அளவுகள் தேறினால்தான் நீங்கள் அறுவைக்கு எடுப்பீர்கள். தேறாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

இங்கே எல்லோருக்கும் நான் வெறும் 'லேப்'. உங்களுக்கும்தான். அந்த டிரைவர் மட்டும் அன்று நான் ஊசி குத்தும்போது, "தங்கச்சி, கொசுகூட கொஞ்சம் மிச்சம் வைக்கும். ஆமா, நீ சாப்பிட்டியா?" என்றார்.

இரண்டாம் மாடியில் நின்றுவிட்டேன். குழாயை ஐஸிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். மூன்று மணி நேரம் என் உடம்புச் சூட்டில் இருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. அளவு குறைந்தது. அடுத்த செவ்வாயும் அவர் வந்தார்.

வந்துகொண்டே இருந்தார். மலைப்பாதையில் பிரேக் போன கதையைச் சொல்வார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக் கேட்பேன். ரத்தம் நின்ற பிறகும் அழுத்திக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் வாரம் அவர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "என் சமையல்லதான் ஏதோ குறையாம்மா? பாத்துப் பாத்துத்தானே போடறேன்."

இன்னொரு முட்டை சேர்த்துப் பாருங்கள் அக்கா என்றேன். அழுதார். தண்ணீர் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

ஒன்பதாம் வாரம் ஸ்கேனில் கல்லீரலிலும் தெரிந்தது. இனி அறுவை பயனில்லை, ரத்தம் எடுக்கவும் வேண்டாம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தச் செவ்வாயன்று என்னோடு யாரும் பேசவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உதிரிக்கென்று எப்போதும் இரண்டாவது குழாய் ஒன்று எடுப்போம். ஒவ்வொரு வாரமும் அதை நான் முறைப்படி சோதித்தேன். அவர் உடம்பு எப்படி இருக்கிறதென்று அக்கறையுள்ள ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா? முதல் செவ்வாயன்றே எல்லா அளவுகளும் தேறியிருந்தன.