பரீட்சை முடிந்து திறந்த போன்

ஆண்டாப் ஹில் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டு இளம்பெண், தன் பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னாள்.

"மத்தியானம் பூரா என் போனு பூட்டிக் கெடந்துச்சுக்கா."

"ஏன்ட்டி, ரிப்பேரா?"

"நர்சிங் பரீட்சைக்கா, ஆன்லைன்ல. அதுக்குன்னு தனி ப்ரவுசர் குடுத்திருக்காவ. அதைத் தொறந்தா, எழுதி முடிக்க வரைக்கும் வேற எதுவும் ஓடாது. யார் கூப்பிட்டாலும் தெரியாது."

"வீட்டுல தேடியிருப்பாவளே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். முடிச்சதும் அவசரமா பாத்தேன். அம்மா, அண்ணன், பிரெண்ட்ஸ், எல்லார்ட்டயும் இன்னைக்குப் பரீட்சைன்னு சொல்லியிருந்தேன். இந்நேரம் வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடல."



"சரி, எப்படிட்டி எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேன்க்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான்க்கா மொத ஆளா கேக்கிய."