பழுத்த பஸ்

இல்லம்மா, உங்கப்பா இப்ப சீட்டுல இல்ல. நீ உக்காரு. ஞாயித்துக்கிழமை தவறாம அவருக்கு அப்பிடி என்ன ஆபீஸ் வேலைன்னு கேக்குறே, நியாயந்தான். பக்கத்து சீட்டு நான்தான், நானே சொல்றேன்.

கம்ப்யூட்டருக்குப் படம் காட்டி, இது என்னது, எப்பிடி இருக்குன்னு சொல்லிக் குடுக்கணும். நனைஞ்ச நாய், காஞ்ச துணி, பழுத்த வாழைப்பழம், இப்பிடி. எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேத்துக் காட்ட நமக்கு ஆயுசு பத்தாது. நனைஞ்சதுன்னா தெரியும், பூனையும் தெரியும், அப்ப நனைஞ்ச பூனைய அதுவாக் கண்டுபிடிக்கணும். அதான் பரீட்சை.

எங்க கண்டுபிடிச்சுது? நாங்க பழுத்ததுன்னு காட்டினதெல்லாம் மஞ்சளு. மஞ்ச பஸ்ஸக் காட்டுனா, பழுத்த பஸ்ஸுங்குது. நீ சிரிக்கிறே, மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. உங்கப்பா வாய் சும்மா இருக்குமா? சீக்கிரம் ஏறிருங்க சார், நாளைக்கு அழுகிரும்னாரு.

அப்புறம் உங்கப்பா போட்டோவையே போட்டுப் பாத்தோம். வழுக்கத் தலையப் பாத்துட்டு, உரிச்ச உருளைக்கிழங்குன்னுச்சு. அப்பிடிச் சிரிச்சாரு. உங்கம்மா போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறேன்னு அவரே சொன்னாரு.

ஆமா, ஞாயித்துக்கிழமை. அதுக்குத்தான் வர்றேன். அன்னிக்கு ஆபீஸ் கிடையாதும்மா, பூட்டிக் கெடக்கும். அவரு வர்றது எங்க வீட்டுக்கு.

கொஞ்சம் தண்ணி குடி.

போன வாரம் எங்க கல்யாணத்துக்குத் துணி எடுத்தோம். நான் சேலையக் கட்டிப் பாக்குறப்ப அவரு ஒரு போட்டோ எடுத்தாரு. அதக் கொண்டாந்து கம்ப்யூட்டருல போட்டேன். எனக்கு அம்பத்தி மூணு வயசு. அதுக்கு நாங்க காட்டின மணப்பொண்ணெல்லாம் இருவது, இருவத்தஞ்சு. வயசானதுன்னு காட்டினது மரமும் நாயும். சரி, நம்மள மரம்னுதான் சொல்லப் போவுதுன்னு நெனச்சேன். வயசான மணப்பொண்ணுன்னுச்சு. மொதத் தடவையே. எனக்கு அழுகை வந்துருச்சு.

உன்கிட்டச் சொல்ல அவருக்குத்தான் வாய் வரல. நீ வர்றத ஜன்னல்ல பாத்துட்டுப் பின்பக்கமா எறங்கிப் போயி பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு, எட்டிப் பாத்தா தலை தெரியும். எனக்கு மட்டும் பயமில்லையா? நாளைக்குப் பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணப் பதிவு. சாட்சிக்கு மேனேஜர் வர்றேன்னுட்டாரு. இன்னொரு கையெழுத்து வேணும். அது உன் கையெழுத்தா இருந்தாத்தான் கல்யாணம், இல்லேன்னா வேணாம்னுட்டாரு உங்கப்பா.